முயல் கொட்டகைச் சாவி

கொழுந்து சார் ரிட்டையர் ஆகுதாரு அண்ணாச்சி. அந்த விழாவுக்குத்தான் இந்த பஸ்ஸுல போறேன், யுனிவர்சிட்டி ஸ்டாப்புல இறங்கணும். இந்தச் சட்டை அதுக்குன்னு எடுத்ததுதான். காலருக்குப் பின்னால ஸ்டிக்கர் எதுவும் ஒட்டிக்கிட்டு இல்லையே? பாத்துச் சொல்லுங்க.

பொன்னாடை போத்தப் போறேன்னு நினைச்சிராதிய. அந்த ஆளை மேடையில வச்சு நாக்கப் பிடுங்குத மாதிரி நாலு வார்த்தை கேக்கப் போறேன். பழைய மாணவர்னு சொல்லி என் கையில மைக்கைக் குடுப்பாவல்லா, அது போதும். அந்த மைக்குக்குத்தான் இத்தனை வருசமாக் காத்துக் கிடக்கேன். சிரிக்காதிய. சொன்னா உங்களுக்கும் வயிறு எரியும்.

அவரு முழுப்பேரு டாக்டர் திருமலைக்கொழுந்து. விலங்கியல் துறைத் தலைவர். நாங்க எம்.எஸ்ஸி படிக்கும்போது அவருதான் எல்லாம். டாக்டர் பட்டம் வாங்குனது கடல் நண்டுல. உசிரோட ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பாத்திருப்பாரா? மாட்டாரு. கண்ணாடிச் சாடியில மிதக்குத உசிரைத்தான் அவருக்குத் தெரியும்.

டிபார்ட்மெண்டுக்குப் பின்னால ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை உண்டு. முன்னால எப்பமோ வெள்ளெலி வளத்த இடம். உடைஞ்ச பெஞ்சும் காலி பாட்டிலுமாக் கிடந்தது. எங்க வகுப்புல ரஹ்மத் நிஷான்னு ஒரு பிள்ள. கடையநல்லூர்க்காரி. அவதான் போயி சார்கிட்ட கேட்டா. "சார், அந்த இடத்தைச் சுத்தம் பண்ணிட்டு முயல் வளக்கோம் சார். படிப்பு ஒரு பக்கம், இது ஒரு பக்கம்." சாரு நிமிந்தே பாக்கல. "செய்ங்க. படிப்புக்கும் இடைஞ்சல் வரக்கூடாது, எனக்கும் இடைஞ்சல் வரக்கூடாது"ன்னாரு. அவ்வளவுதான் அவரு செஞ்ச உதவி. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க. மேடையில வேற மாதிரிச் சொல்லுவாரு.

நானும் ஜெபசிங்கும் அவகூடச் சேந்தோம். ஜெபசிங் என் ரூம்மேட். நான் எதுக்குச் சேந்தேன்னு கேக்கியளா? முயல் பிடிக்கும், அதான். வேற எதுக்கு?

அப்படி வளத்தோம் அண்ணாச்சி. காலையில வகுப்புக்கு முன்னால போயி கூண்டுக்குக் கீழ கிடக்கத அள்ளி, கழுவி, தண்ணி மாத்தி வைக்கணும். தீவனத்துக்கு வேலியோரம் அகத்தியும் வேலிமசாலும் போட்டிருந்தோம், அதை அறுத்து வாட வச்சுப் போடணும். ஈரமாப் போட்டா முயலுக்கு வயிறு ஊதிரும். மெஸ்ஸுல முட்டைக்கோசு மேல் இலையைச் சொல்லி வச்சு வாங்குவோம். அதெல்லாம் முடிச்சுட்டு அப்படியே ஓடிப்போயி வகுப்புல உக்காருவோம். நிஷா துப்பட்டாவுல ஒரு வைக்கோல் எப்பவும் ஒட்டிக்கிட்டு இருக்கும். பின் பெஞ்சுல இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். எடுத்து விட்டதில்ல. சரி, அது தேவையில்லாத பேச்சு.

பரீட்சை நேரத்துல கொட்டகையிலதான் படிப்பு. நிஷா நோட்டைச் சத்தம் போட்டுப் படிப்பா. கிடா முயல் ஒண்ணு உண்டு, சாம்பல் கலரு, கழுத்துல மடிப்பு விழுந்து, உக்காந்தான்னா அசைய மாட்டான். தாசில்தார்னு பேரு வச்சிருந்தோம். அவன் காதை ஆட்டுனா அந்தக் கேள்வி பரீட்சைக்கு வரும்னு ஜெபசிங் சொல்லுவான். ரெண்டு மூணு தடவை வந்தும் இருக்கு.

ஒரு வருசத்துல கொட்டகை நிறைஞ்சு போச்சு. மத்த டிபார்ட்மெண்ட் பிள்ளைகள்லாம் வந்து வேடிக்கை பாத்தாவ. ஒரு நாள் துணைவேந்தரு வந்தாரு. கொழுந்து சாரு அவரைக் கூட்டிக்கிட்டு வந்து, "இது நான் ஆரம்பிச்ச யூனிட் சார்"ங்காரு. நாங்க மூணு பேரும் கையில விளக்குமாத்தோட நிக்கோம். "இவங்க?"ன்னு துணைவேந்தரு கேட்டாரு. "நம்ம பசங்கதான், கூட்டிப் பெருக்க வச்சிருக்கேன்"னாரு. எனக்குச் சுருக்குன்னுது. நிஷா என்னடான்னா, "விடு இசக்கி, முயலுக்கு யாரு ஆரம்பிச்சா என்னன்னு தெரியவா போகுது?"ங்கா. அவ அப்படித்தான். அவளுக்காக வேற யாராவது கோவப்பட்டாத்தான் உண்டு.

சரி, சாவிக்கு வாரேன்.

முதல் வருசம் முடிஞ்சு கோடை லீவு. ஹாஸ்டலை மூடணும், ஒரு பிள்ளையும் தங்கக்கூடாதுன்னு உத்தரவு. இந்தக் கரிசக்காட்டு வெயில் உங்களுக்குத் தெரியும்லா. சித்திரையில ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழ மனுசனே நிக்க முடியாது. முயலுக்கு வேர்க்காது அண்ணாச்சி. சூடு போறதுக்குக் காதை விட்டா வழியில்ல. மத்தியானத்துல கூரை மேலயும் ஜன்னல்லயும் சாக்கை நனைச்சுப் போட்டுக்கிட்டே இருக்கணும். நிஷா போயி சார்கிட்ட கெஞ்சுனா. "நான் மட்டும் ஊர்ல இருந்து தினமும் வந்துட்டுப் போறேன் சார், கேட்டுல விடச் சொல்லுங்க"ன்னா.

"ஏம்மா, முயலுக்கு ஏசி போட்டுத் தரணுமா?"ன்னு சிரிச்சாரு. "சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. வாட்ச்மேன் தண்ணி காட்டுவாரு. நான் பாத்துக்கிடுதேன்."

நான் பாத்துக்கிடுதேன்! இதே வார்த்தைதான். நான் பக்கத்துல நின்னு கேட்டேன். கொட்டகைக்கு ஒரு சாவிதான். நிஷா அதை அவரு கையில வச்சா. அவரு அதைப் பேண்ட் பையில போட்டாரு. போட்டுக்கிட்டு, குடும்பத்தோட கொடைக்கானல் போயிட்டாரு.

யோசிச்சுப் பாருங்க. அந்த ஆளு கொடைக்கானல்ல கம்பளியைப் போத்திக்கிட்டு ஏரியில படகு விடுதாரு. சாவி அவரு பையில கிடக்கு. இங்க வாட்ச்மேன் பூட்டைப் பாத்துட்டு, சாருதான் வந்து பாத்துக்கிடுதாரு போலன்னு சும்மா இருந்துட்டாரு.

நிஷாவுக்கு மனசு கேக்கல. சில நாள் கழிச்சு, சொல்லாம கொள்ளாம பஸ் ஏறி வந்துட்டா. வந்து ஜன்னல் வலை வழியாப் பாத்திருக்கா. எனக்குப் போன் வந்துது. "இசக்கி, எல்லாம் காலை நீட்டிப் படுத்துக் கிடக்கு. எந்திரிக்க மாட்டேங்கு. நீ வா." எங்க ஊரு பக்கம்தான். பைக்கை எடுத்துக்கிட்டுப் பறந்தேன். போயிப் பாத்தா, நிஷா வாட்ச்மேனோட வாளியை வச்சுக்கிட்டு, வலைக்குள்ளாற கோப்பை கோப்பையாத் தண்ணியை வீசுதா. உள்ள கிடக்கது மேல அது விழுது. ஒண்ணும் அசையல. அவ நிறுத்தல. தண்ணி தீந்தா ஓடிப்போயி பிடிச்சுட்டு வந்து திரும்பவும் வீசுதா.

நான் கல்லை எடுத்துப் பூட்டை உடைச்சேன்.

அந்த வாடையை எப்படிச் சொல்ல. வெள்ளை முயல் எல்லாம் வாயைத் திறந்தபடி கிடக்கு. ஒரு தாய் குட்டி போட்டிருந்துருக்கு. அந்தச் சூட்டுலயும் தன் நெஞ்சு முடியைப் பிடுங்கி மெத்தை விரிச்சிருக்கு. குட்டிக மேலயே செத்துக் கிடக்கு. நிஷா ஒவ்வொரு கூண்டாத் திறந்து, கையில எடுத்து, காதுகிட்ட வச்சுப் பாக்கா. கீழே வைக்கா. அடுத்ததை எடுக்கா. எல்லாத்தையும் பாத்தா. கடைசி மூலையில, குழாய் ஒழுகித் தரை நனைஞ்சு கிடந்த இடத்துல, கீழ் அடுக்குக் கூண்டு. "இசக்கி, இது மூச்சு விடுது"ன்னா.

தாசில்தார். அவன் ஒருத்தன்தான் மிச்சம்.

ஈரத்துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு, சொட்டுச் சொட்டா வாயில தண்ணி விட்டா. சாயங்காலம் வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா. நான் மத்ததையெல்லாம் குழி தோண்டிப் புதைச்சேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல அவளுக்கு.

அழ வச்சது யாரு? நம்ம சாருதான். காலேஜ் திறந்ததும் டிபார்ட்மெண்ட் கூட்டம். அத்தனை வாத்தியாரும் பிள்ளைகளும் இருக்காவ. கொழுந்து சாரு எந்திரிச்சு, "தீவனத்தை ஈரமாப் போட்டுட்டுப் போயிட்டாங்க. பூஞ்சை பிடிச்சு எல்லாம் செத்துப் போச்சு. பொறுப்பில்லாத பிள்ளைங்க கையில உசிரைக் குடுத்தா இப்படித்தான்"னாரு. நிஷா எந்திரிச்சு, "சார், சாவி..."ன்னா. "உக்காரு. வாயில்லாத ஜீவனைக் கொன்னுட்டு வாய் வேற பேசுதியா?"ன்னாரு.

அப்பதான் அழுதா. மூஞ்சியைத் துப்பட்டாவால மூடிக்கிட்டு, தோளு குலுங்க. நூறு பேரு பாத்துக்கிட்டு இருக்காவ. அந்த நிமிசம் நான் முடிவு பண்ணிட்டேன் அண்ணாச்சி. இந்த ஆளை இதே மாதிரி நூறு பேரு முன்னால கூனிக்குறுக வைக்கணும். என்னைக்கோ ஒரு நாள். எப்படின்னு தெரியாது, ஆனா வைக்கணும்.

நிஷா என்ன செஞ்சா தெரியுமா? மறுநாளே விளக்குமாத்தை எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்குப் போயிட்டா. "தாசில்தாரு தனியா இருக்கான்ல"ங்கா. எனக்கு அவ மேலயே கோவம் வந்துது. மானம் ரோசம் வேண்டாமா?

சந்தர்ப்பம் தானா வந்துது. இரண்டாம் வருசம் மகளிர் குழுக்காரங்களுக்கு முயல் வளர்ப்புப் பயிற்சின்னு ஒரு ஏற்பாடு. கொழுந்து சாருதான் எல்லாம். புது முயல்கள் வாங்கிப் போட்டாரு. பந்தல், பேனரு, துணைவேந்தரு தலைமை. பேனர்ல அவரு படம் எருமை சைசுல. செயல்விளக்கம் வேற. மேடையில வச்சு கிடாவையும் பெட்டையையும் சேத்துக் காட்டப் போறாராம்.

இங்கதான் ஒரு விசயம் இருக்கு. இணை சேக்கும்போது பெட்டையை எடுத்துத்தான் கிடா கூண்டுக்குள்ள விடணும். மாத்திக் கிடாவைக் கொண்டுபோயி பெட்டை கூண்டுல விட்டோம்னா, அவ்வளவுதான். தன் இடத்துக்குள்ள வந்தவனைப் பெட்டை சும்மா விடாது. அதுவும் குட்டி போடப் போற பெட்டைன்னா கேக்கவே வேண்டாம். புதுசா வந்ததுல ஒருத்தி அப்படி இருந்தா. வாயில வைக்கோலைக் கவ்விக்கிட்டுக் கூண்டுக்குள்ள அங்கயும் இங்கயும் நடக்கா, கையை நீட்டுனா உறுமுதா. நிஷா என்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னா. "இசக்கி, இவளுக்கு நாளு நெருங்கிட்டு. இவளை மேடைக்கே கொண்டு போகாத. வேற பெட்டையைக் கொண்டுபோ. யாரும் இவ கூண்டுல கையை விடக்கூடாது."

"சரி"ன்னேன்.

நிஷாவை வாசல்ல வாரவங்க பேரு எழுதப் போட்டிருந்தாவ. ஜெபசிங்கு டீ வாங்கப் போயிருந்தான். கூண்டுகளை மேடைக்குத் தூக்கிட்டுப் போற வேலை என்னோடது. வைக்கோல் கவ்விக்கிட்டு இருந்தவளையே தூக்குனேன். பக்கத்துல தாசில்தாரு கூண்டு. ரெண்டுலயும் ஆண், பெண்ணுன்னு அட்டை தொங்குது. அட்டையை அவுத்து இதுல இருக்கதை அதுல, அதுல இருக்கதை இதுல கட்டுனேன். அவ்வளவுதான்.  ரெண்டு கூண்டையும் மேடையில அடுத்தடுத்து வச்சேன்.

சாரு வந்தாரு. மைக்கைப் பிடிச்சாரு. என்ன சொன்னாரு தெரியுமா? "தாய்மார்களே, ஒன்றை மறக்கக் கூடாது. பெண் முயலைத்தான் ஆண் முயலின் கூண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். மாற்றிச் செய்தால் ஆபத்து!" அதை அழுத்திச் சொல்லிட்டு, பெண்ணுன்னு அட்டை தொங்குன கூண்டைத் திறந்து, தாசில்தாரைக் காதைப் பிடிச்சுத் தூக்குனாரு. காதைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது அண்ணாச்சி. தூக்கி, "இதோ பெண்"ன்னு கூட்டத்துக்குக் காட்டுனாரு. விலங்கியல் துறைத் தலைவரு! கீழ பாத்திருந்தா பச்சைப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். பாக்கல. கொண்டுபோயி அந்தப் பெட்டை கூண்டுக்குள்ள விட்டாரு.

விட்டதுதான் தெரியும். அவ பாஞ்சா பாருங்க, வெள்ளையும் சாம்பலுமா முடி பந்து பந்தாப் பறக்கு. கூண்டு மேசையில கிடந்து ஆடுது. முன்வரிசையில ஒரு அக்கா எந்திரிச்சு, "ஏ ஐயா, மாப்பிள்ளையைக் கொண்டாந்து பொண்ணு வீட்டுல தள்ளிட்டியளே!"ன்னு கத்துனா. பந்தலே வெடிச்சுது. துணைவேந்தரு கைக்குட்டையால வாயை மூடிக்கிட்டுக் குலுங்குதாரு. சாரு பதறிப்போயி பிரிச்சு விடுதேன்னு கையை உள்ள விட்டாரு. அவ விடுவாளா? பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல பல்லை இறக்கிட்டா. "ஐயோ அம்மா"ன்னு அலறுதாரு, மைக் ஆன்ல இருக்கு, அது ஊரெல்லாம் கேக்கு. வெள்ளைச் சட்டையில ரத்தம். பொம்பளைக சிரிப்பு நிக்கல. போன்ல படம் பிடிச்சவங்க எத்தனை பேரு!

அன்னைக்கு எனக்கு இருந்த குளிர்ச்சி இருக்கே, மோர்ப்பந்தல்ல நின்ன மாதிரி.

அன்னையிலிருந்து அவருக்கு மாப்பிள்ளை சார்னு பேரு. போர்டுல எழுதிப்போட்டாவ, பஸ்ஸுக்குள்ள கத்துனாவ. வகுப்புக்குள்ள அவரு நுழைஞ்சா பின்னால இருந்து ஒருத்தன் நாதஸ்வரம் மாதிரி வாயால ஊதுவான். தலையைக் குனிஞ்சுக்கிட்டே பாடம் நடத்துவாரு. நிஷாவை அழ வச்சாருல்லா? எப்படி இருக்கு? நீங்களே சொல்லுங்க, சரியான தண்டனையா இல்லையா?

என்ன கேட்டிய?

முயலா? எந்த முயலு? ஓ, தாசில்தாரா. அதுக்கு அடிவயிறு கிழிஞ்சிருச்சு. நிஷா வாசல்ல இருந்து ஓடிவந்து, துப்பட்டாவுல சுத்தி, ஆட்டோ பிடிச்சுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. தையல் போட்டாவ. ஆனா பயந்த முயலு இரை எடுக்காது. இரை எடுக்கலன்னா அவ்வளவுதான். ரெண்டு நாள் கொட்டகையில அவ மடியிலயே கிடந்துது. பொறவு போயிட்டு.

சண்டைன்னா ஒரு பக்கம் சேதாரம் இருக்கத்தான் செய்யும், இல்லையா? நான் என்ன வேணும்னா செஞ்சேன்? சாரு சட்டுன்னு கையை விட்டு எடுத்திருவாருன்னு நினைச்சேன். லேசா ஒரு பிறாண்டு, அவ்வளவுதான்னு நினைச்சேன்.

அது செத்ததுக்கு மறுநாள் மத்தியானம், தண்ணித்தொட்டிகிட்ட நிஷா என்னைக் கூப்பிட்டா. நான் சந்தோசமாத்தான் போனேன். அவளுக்குத் தெரிஞ்சிருச்சு, நன்றி சொல்லப்போறான்னு நினைச்சுக்கிட்டே போனேன்.

"அட்டையை மாத்துனது யாரு?"ன்னா.

"யாரா இருக்கும்?"ன்னு சிரிச்சேன்.

"நீயா இசக்கி?"

"பின்ன? எல்லார் முன்னாலயும் உன்னை அழ வச்சாருல்லா. இப்ப யாரு அழுதா?"

 அவ என் மூஞ்சியையே பாத்தா. பொறவு, "அது கத்துச்சா?"ன்னா.

"யாரு, கொழுந்தா? மைக்ல ஊருக்கே கேட்டுதே!"

"தாசில்தாரு."

"இல்ல"ன்னேன்.

"சரி"ன்னுட்டுப் போயிட்டா. அதுதான் கடைசி வார்த்தை. அந்த வருசம் பூரா ஒரே வகுப்புல இருந்தோம், அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் போயிப் பேசுனா எந்திரிச்சுப் போயிருவா. முன் பெஞ்சுக்கு மாறி உக்காந்துக்கிட்டா. கடைசி நாள் போட்டோ எடுக்கும்போதும் நான் நின்ன பக்கம் வரல.

முயலுக்குச் சத்தமே கிடையாது அண்ணாச்சி. அடிச்சாலும் பேசாது. உசிரு போகப்போற பயம் வந்தா மட்டும் ஒரே ஒரு தடவை கத்தும். சின்னப்பிள்ளை கத்துத மாதிரியே இருக்கும். கத்துச்சு. நான் மேடைக்குப் பக்கத்துலதான நின்னேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாவ, ஒருத்தருக்கும் கேக்கல. நானும்தான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா கேட்டுது.

அதை விடுங்க. பேச்சை எங்கயோ கொண்டுபோயிட்டிய. நான் சொல்ல வந்தது வேற. இந்த அநியாயத்தைக் கேளுங்க. தாசில்தாரு செத்த அன்னைக்கு, கையில கட்டோட கொழுந்து சாரு கொட்டகைக்கு வந்தாராம். நான் அங்க இல்ல, ஜெபசிங்குதான் சொன்னான். வந்து ரொம்ப நேரம் வாசல்லயே நின்னாராம். நிஷா குழி தோண்டிக்கிட்டு இருந்திருக்கா. "ஏம்மா, அன்னைக்கு அந்தச் சாவியை நான் கொண்டு போயிருக்கக் கூடாது"ன்னாராம். "பழியையும் உன் மேல போட்டுட்டேன்"னாராம். கட்டுப் போட்ட கையோட குத்துக்கால் வச்சு உக்காந்து, இன்னொரு கையால அவ கூட மண்ணு தள்ளுனாராம். அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு, சாவி என்கிட்டத்தான் இருந்துது, தப்பு என்னோடதுன்னு சொல்லவும் செஞ்சாரு. அதுக்கு நானும் இருந்தேன். நடிப்பு! கை வலியில வந்த ஞானம்! நான் நம்புவேனா?

நிஷா நம்பிட்டா. மன்னிச்சிட்டா. அதுக்குப் பொறவு ரெண்டு பேரும் சேந்தே கொட்டகையைப் பாத்தாவ. சாரு தினமும் காலையில வந்து நிப்பாராம், முயலை எப்படித் தூக்கணும்னு அவகிட்ட கேட்டுக் கேட்டுப் படிச்சாராம். கூரையை மாத்தி ஓலை போட்டாரு. கொட்டகைக்கு ஒண்ணுக்கு ரெண்டு சாவி போட்டு, ஒண்ணை அவ கையில குடுத்தாரு.

பாத்தியளா? சாவியைக் கொண்டுபோயி அத்தனையையும் சாகக் குடுத்த ஆளை மன்னிச்சிட்டா. அவளுக்காகக் கேட்ட நான் எதிரி ஆயிட்டேன். இதுல என்ன நியாயம் இருக்கு? நான் யாருக்காகச் செஞ்சேன்? சொல்லுங்க, எனக்காகவா செஞ்சேன்?

போன வாரம் சாரே போன் பண்ணுனாரு. குரலு தளந்து போச்சு. "இசக்கிராஜா, நீ அவசியம் வரணும்யா. முயல் யூனிட்டை ஆரம்பிச்சது நீங்க மூணு பேருதான். அதை நான் மேடையில சொல்லணும், நீங்க பக்கத்துல நிக்கணும்"னாரு. எம்புட்டுத் தந்திரம் பாருங்க. நம்மளை நிக்க வச்சு நல்ல பேரு வாங்கப் பாக்காரு. அட்டையை யாரு மாத்துனான்னு அவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல. நிஷா சொல்லியிருக்க மாட்டா. அவ அப்படிப்பட்டவ இல்ல.

"நிஷாவும் வாரா"ன்னாரு. தென்காசிப் பக்கம் ஒரு காலேஜுல வேலை பாக்கா. கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை இருக்கு. அவ வாரான்னு நான் போகல. அதைத் தெளிவாச் சொல்லிக்கிடுதேன். அவ வந்தாலும் வராட்டாலும் நான் போயிருப்பேன். மைக்கை வாங்குனதும் முதல் வார்த்தையே சாவிதான். அந்த வெயிலு, அந்த வாடை, காதுகிட்ட ஒவ்வொண்ணா வச்சுப் பாத்தது, எல்லாம் சொல்லுவேன். பொறவு மாப்பிள்ளை கதை. பந்தல் திரும்ப ஒரு தடவை சிரிக்கணும். போகும்போது அந்தச் சிரிப்போடத்தான் அவரு வீட்டுக்குப் போகணும்.

என்ன? தாசில்தாரைப் பத்தியா? இல்ல, அதை மேடையில சொல்ல மாட்டேன். அதை எதுக்கு? அவ முன்வரிசையிலதான உக்காந்திருப்பா.

அதைச் சொல்லாம மாப்பிள்ளை கதையை எப்படிச் சொல்லுவேன்னு கேக்கியளா? சொல்லுவேன். ஏன், சொல்ல முடியாதா? கூண்டுல விட்டாரு, கடிச்சுது, எல்லாரும் சிரிச்சாவ. அவ்வளவுதான. இதுல என்ன இருக்கு.

யுனிவர்சிட்டி வந்துட்டா? ஆமா கண்டக்டரு, நான்தான் கேட்டேன். இருங்க. இறங்குதவங்க இறங்கட்டும்.

இல்ல அண்ணாச்சி, எனக்கு வழி விட நீங்க காலை மடக்க வேண்டாம், உக்காருங்க. விழா தொடங்க இன்னும் நேரங்கிடக்கு. முன்னாலயே போயி உக்காந்தா கொழுந்து சாரை நம்ம தேடி வந்த மாதிரி ஆயிரும். அந்தா பாருங்க, ஆர்ச்சுக்குக் கீழ கார்ல இருந்து ஒரு பொம்பள இறங்குதா, கையில பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு. அவளா? இல்ல, இவ கொஞ்சம் பூசுனாப்புல இருக்கா. அவளா இருந்தாத்தான் எனக்கென்ன.

விசிலை ஊதுங்க கண்டக்டரு, போவோம். எனக்குச் சங்கரன்கோவிலுக்கு ஒரு டிக்கெட் போடுங்க. அங்க இறங்கி எதிர் வண்டியில திரும்பி வந்துக்கிடுதேன்.

நீங்களும் சங்கரன்கோவில்தான? அப்ப நல்லதாப் போச்சு. நான் அந்தச் சாவி விசயத்தைச் சரியாச் சொல்லல, அதான் நீங்க முயலைப் பத்தியே கேக்கிய. முதல்ல இருந்து சொல்லுதேன், கேளுங்க. கொட்டகைக்கு ஒரே ஒரு சாவி. நிஷா அதை அவரு கையில வச்சா. அந்த ஆளு அதை எடுத்துப் பேண்ட் பையில போட்டாரு பாருங்க...